முதல் தாளைக் கிழிக்காதீர்கள்

2025 மே மாதம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்தது. கழிவுநீர் ஊருக்குள் புகுந்தது. இப்படி ஒரு விபத்து நடந்தால் அந்த ஊரில் முதலில் எழும் கேள்வி, ‘எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதா?’ என்பதுதான். பதில் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். தண்ணீரில் இன்று என்ன இருக்கிறது என்பது ஒன்று. விபத்துக்கு முன்பு என்ன இருந்தது என்பது மற்றொன்று. முதல் எண்ணை ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கிவிடலாம். இரண்டாவது எண்ணை எந்தக் கருவியும் தராது. யாராவது அப்போதே அளந்து, அளந்ததை எழுதி, எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அது கிடைக்கும்.

ஆய்வகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கருவிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை கோடியில் எந்தக் கருவி வந்தது என்பது செய்தியாகிறது. அந்தக் கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. கடலூர்–சிதம்பரம் சாலையோரத்தில் வாழும் மக்களுக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். அவர்கள் குடிக்கும் தண்ணீர், சுவாசிக்கும் காற்று, பிடிக்கும் மீன் ஆகிய அனைத்தைப் பற்றிய வழக்கும் வாதமும் கடைசியில் ஏதோ ஓர் ஆய்வகத்தின் மேசையில் எழுதப்பட்ட வரியில்தான் போய் நிற்கும்.

அந்த வரி எவ்வளவு நுட்பமானது என்பதற்குக் கழிவுநீருக்கு அன்றாடம் செய்யப்படும் சி.ஓ.டி. (வேதியியல் ஆக்சிஜன் தேவை) சோதனையே போதுமான உதாரணம். தண்ணீரோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். மிஞ்சும் டைகுரோமேட் எவ்வளவு என்று ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலைக் கொண்டு டைட்ரேஷன் செய்து கண்டுபிடிப்பார்கள். ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது பொதுவான உச்ச வரம்பு. 20 மில்லி மாதிரியும் 0.1 நார்மல் கரைசலும் எடுத்துக்கொண்டால், 245க்கும் 255க்கும் இடையிலான வேறுபாடு பியூரெட்டில் கால் மில்லி மட்டுமே. ஏறக்குறைய ஐந்து சொட்டு! தொழிற்சாலை சட்டத்துக்கு உட்பட்டதா, மீறியதா என்பதை அந்த ஐந்து சொட்டுகள் தீர்மானிக்கின்றன.

ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசல் நாள்பட்டால் வீரியம் குறையும். அதனால் பயன்படுத்தும் அன்றே அதன் செறிவைச் சரிபார்க்க வேண்டும். மாதிரி இல்லாமல் வெறும் வடிநீரை வைத்து ஒரு ‘பிளாங்க்’ ஓட்ட வேண்டும். பியூரெட்டின் தொடக்க ரீடிங், முடிவு ரீடிங், பிளாங்க் ரீடிங், அன்றைய செறிவு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருந்தால், பத்து ஆண்டுகள் கழித்தும் ஒரு பி.எஸ்சி. மாணவர் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கணக்கைச் சரிபார்த்துவிடுவார். ‘சி.ஓ.டி. 245’ என்று மட்டும் எழுதியிருந்தால் உலகின் எந்த நிபுணராலும் அதைச் சரிபார்க்க முடியாது. நம்புவதா, வேண்டாமா என்பதைத் தவிர வேறு வழியே மிஞ்சாது.

இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லப்போனால், இதற்கு நேர்மாறானதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ அறிவியல் படித்த எவருக்கும் அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்டு நோட்டும் நினைவிருக்கும். ஆய்வகத்தில் அமிலக் கறையோடு அவசரமாகக் கிறுக்குவது அப்சர்வேஷன் நோட்டு. வீட்டில் உட்கார்ந்து, அட்டை போட்டு, கோடு கிழித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதுவது ரெக்கார்டு நோட்டு. கையெழுத்தும் மதிப்பெண்ணும் இரண்டாவதற்கு. பருமனறி பகுப்பாய்வில் மூன்று ரீடிங்கும் ஒத்து வரவில்லை என்றால் திரும்பச் செய்வதைவிட, ஒத்து வருமாறு எழுதிவிடுவது எளிது. போன ஆண்டு அண்ணன், அக்கா எழுதிய ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது அதைவிட எளிது. வரவேண்டிய விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும் சோதனையில் மாணவர் கற்றுக்கொள்வது ஒன்றே: தூய்மையாக இருப்பது சரியானது, கிறுக்கலாக இருப்பது தவறானது.

தொழில்முறை ஆய்வகத்தில் இந்தப் பாடம் தலைகீழ். அங்கே கறை படிந்த முதல் தாள்தான் மூல ஆவணம். ஆய்வகங்களின் தரத்துக்கான உலகளாவிய நெறியான ஐ.எஸ்.ஓ. 17025, அளவீட்டை அது எடுக்கப்படும் நேரத்திலேயே பதிய வேண்டும் என்கிறது. திருத்தம் செய்தால் பழைய எண்ணும் தெரிய வேண்டும்; யார், எப்போது திருத்தினார் என்பதும் பதிவாக வேண்டும். நல்ல ஆய்வகங்களில் வெள்ளை மையும் பென்சிலும் மேசைக்கு வராது. உதிரித் தாளும் கிடையாது. பக்க எண் அச்சிட்டுத் தைத்த நோட்டுதான். தவறான எண்ணின் குறுக்கே ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. அத்தகைய நோட்டில் அடித்தல் இருப்பது நேர்மையின் அடையாளம். ஒரு வருடப் பதிவேட்டில் ஒரு அடித்தல்கூட இல்லையென்றால் தணிக்கையாளருக்குச் சந்தேகம்தான் வரும்.

எழுத்தின் இந்த முக்கியத்துவத்தைச் சட்டமும் அறிந்தே வைத்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வழக்குக்கான மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்கிறது. ஆய்வுக்கு அனுப்பப்போவதாக ஆலைக்காரருக்கு அறிவிப்பு தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கலனிலும் குறியிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். இவை நடக்காவிட்டால் ஆய்வு முடிவை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க முடியாது என்று அதே பிரிவு தீர்த்துச் சொல்கிறது. 1980களின் நடுவில் டெல்லி பாட்லிங் நிறுவனத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதையேதான் சொன்னது. நடைமுறைப்படி செய்யாத ஆய்வின் முடிவை அது ஏற்கவில்லை. தண்ணீரில் என்ன இருந்தது என்ற கேள்விக்குப் போவதற்குள்ளேயே வழக்கு தளர்ந்துவிட்டது.

மேகி நூடுல்ஸ் விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். 2015 ஜூனில் காரீயம் அதிகம் என்று கூறி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் தடை விதித்தது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ஆணையத்தின் தடையை நீக்கியது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை, சோதித்த ஆய்வகங்களுக்குச் சட்டம் கோரும் அங்கீகாரம் இல்லை என்பவை காரணங்கள். மொகாலி, ஐதராபாத், ஜெய்ப்பூர் நகரங்களில் உள்ள மூன்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் புதிதாகச் சோதனை செய்ய உத்தரவானது. மேகி திரும்பக் கடைக்கு வந்தது. குழந்தைகளுக்குச் சமைத்துப் போட்ட தாய்மாருக்கு, முதலில் வந்த எண் சரியா, பிறகு வந்த எண் சரியா என்ற குழப்பம் மட்டும் மிஞ்சியது.

இந்தப் பின்னணியில்தான் கடலூர் மக்கள் 2004இல் செய்த காரியத்தின் பெருமை விளங்கும். 1980களில் சிப்காட் வந்ததிலிருந்து ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சோனாஞ்சாவடி மக்கள் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிதம்பரம் பேருந்தில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் ‘நாற்றமடிக்கிறது’ என்ற புகாருக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறியிருக்கும். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் திரண்ட கிராமத்தினர், என்ன நாற்றம், எந்த இடம், எத்தனை மணி, உடம்புக்கு என்ன செய்கிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்த மக்கள் 1990களில் பயன்படுத்திய பிளாஸ்டிக் வாளிக் கருவியைக் கொண்டு காற்றைப் பிடித்தார்கள். வாளிக்குள் ஒரு பை; பைக்குள் சில நிமிடக் காற்று. அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாதிரி கைமாறிய ஒவ்வொரு இடமும் படிவத்தில் ஏறியது.

முடிவில் 22 நச்சு வேதிப்பொருட்கள் தெரியவந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட இடம்பெற்ற ஒரு குழுவின் அறிக்கையை, அபாயகரமான கழிவுகளுக்கான உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு கவனித்தே ஆக வேண்டியிருந்தது. வாளி மலிவானது. அதோடு சேர்ந்து வந்த தாள்கள்தான் அதற்கு மதிப்புத் தந்தன.

பின்னர் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு கணக்கிட்டபோது கடலூர் 77.45 பெற்றது. 70ஐத் தாண்டிய 43 பகுதிகள் ‘மிக மோசமாக மாசடைந்தவை’ என்று அறிவிக்கப்பட்டன. 2010 ஜனவரியில் அங்கெல்லாம் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது. முதலீடுகளையே நிறுத்திவைத்த அந்தக் குறியீடு காற்று, நீர் ஆய்வுகளின் எண்களைக் கூட்டிப் பெருக்கிக் கிடைத்தது. அடியில் இருக்கும் பதிவு ஒழுங்காக இருந்தால் மக்களுக்கும் நியாயம், ஒழுங்காக நடக்கும் ஆலைக்கும் நியாயம். பதிவு சரியில்லையென்றால் இருவருமே ஏமாறுவார்கள்.

சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கிருந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கடற்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். பிச்சாவரத்தை உலகமே திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பவைதான் பெரும்பங்கு காரணம் என்று மறுத்தார்கள். இதைப் பரங்கிப்பேட்டை ஆய்வுக்கு நேர்ந்த குறையாகப் பார்க்கக் கூடாது. ஊர் ஊராக எண்களை வெளியிட்டிருந்ததால்தான் உலகின் மறுகோடியில் இருப்பவர் அவற்றை எடுத்து வாதாட முடிந்தது. முடிவை மட்டும் அறிவித்து எண்களைப் பூட்டி வைத்திருந்தால் வாதமே நடந்திருக்காது. கடற்கரைக்கு எது காவல் என்ற அறிவும் ஓரடி முன்னே நகர்ந்திருக்காது.

பதிவில் பொய் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சாட்சி. பாஸ்டனில் இருந்த அரசு போதைப்பொருள் ஆய்வகத்தில் ஆனி டூக்கன் என்பவர் மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக மாதிரிகளை முடித்தார். மேலதிகாரிகள் மெச்சினார்கள். பல மாதிரிகளைச் சோதிக்காமலே, கண்ணால் பார்த்து முடிவு எழுதியிருந்தார் என்பது 2012இல் வெளிவந்தது. 2017இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. உண்மையான குற்றவாளியும் போனார்; வீணாகச் சிறையில் கிடந்தவரும் தன் ஆண்டுகளை இழந்தே வெளியே வந்தார். ‘ஒரு நாளில் எத்தனை சாம்பிள் முடித்தாய்?’ என்று மட்டுமே கேட்கும் நிர்வாகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஆய்வக அதிகாரிகள் இங்கிருந்து கற்கலாம்.

நமக்கு மிக அருகிலேயே தொடங்கிய ஒரு துயரமும் உண்டு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்தால் இறந்தார்கள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி எண்ணைப் பிடித்துச் சென்று தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்தது. சென்னை அரசு ஆய்வகம் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருப்பதை உடனடியாகக் கண்டுபிடித்தது. பாட்டிலில் அச்சிட்ட ஓர் எண் மேலும் பல வீடுகளுக்கு அது போகாமல் தடுக்க உதவியது. ஆனால் அதற்கு முன்பே ஆலைக்குள் ஒரு சோதனை நடந்து, ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் உற்பத்தியாளர்கள் சோதிப்பதில்லை என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியது. எழுதப்படாத அந்த வரியின் விலை, பச்சிளம் பிள்ளைகளின் உயிர்.

‘இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறதே’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கணினி உதவும்; யார், எந்த நொடியில், எதை மாற்றினார் என்று அதுவே குறித்துவைக்கும். ஆனால் ஆய்வகம் முழுக்க ஒரே பாஸ்வேர்டு என்றால் ‘யார்’ என்பது அங்கேயே தொலைந்துவிடும். ரான்பாக்ஸி நிறுவனம் மருந்துத் தரத் தரவுகள் தொடர்பான குற்றங்களை 2013இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அங்கே கணினிக்கும் கருவிக்கும் பஞ்சமே இருந்ததில்லை.

இன்னொரு சமாதானம், ‘ரெக்கார்டெல்லாம் அறையில் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது’ என்பது. தில்லையின் கதை தெரிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ராஜராஜ சோழன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து கோயிலின் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைக் கரையான் மூடியிருந்தது, எஞ்சியவை மட்டுமே கிடைத்தன என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து மாவட்டத்துக்கு வெளியே ஒரு படி வைப்பது வீண்செலவாகாது. அரசு அலுவலகங்கள் ஆவணங்களை அட்டவணையிட்டு, எளிதில் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் நான்காம் பிரிவிலேயே சொல்கிறது.

இரண்டு தரப்பு எண்கள் மோதும்போது பதிவின் தேவை இன்னும் கூடுகிறது. 2023இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி வட்டாரத் தண்ணீரில் பாதரசம் வரம்பைவிடப் பல மடங்கு இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. குடிநீரில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். மாதிரி எடுத்த உடனே நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் எண் குறைந்து தெரியும். அதனால் யார் எடுத்த மாதிரியானாலும், எந்த வகைப் பாட்டில், அமிலம் சேர்த்தது எத்தனை மணிக்கு, ஆய்வகத்துக்கு வந்தது எந்த நாள் என்ற மூன்று விவரங்கள் இல்லாமல் அந்த எண்ணை எடைபோட முடியாது.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் அழகான ரெக்கார்டுக்குப் போகும் மதிப்பெண்ணை, தேதியும் அடித்தலும் உள்ள அப்சர்வேஷன் நோட்டுக்கு மாற்றலாம். ஒத்து வராத ரீடிங்கை அப்படியே எழுதி, காரணத்தையும் எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கடலூர், சிதம்பரம் கல்லூரிகளும் வேதியியல் முதலாம் ஆண்டிலேயே பக்க எண்ணிட்ட நோட்டைக் கட்டாயமாக்கலாம். ஆய்வக ஊழியருக்கு எழுதுவதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். அதை மாலையில் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்யும் வேலையாக விட்டுவைக்கக் கூடாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் குடிநீர் வடிகால் வாரியமும் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் குறிப்பிட்ட சில கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அதே கிணறுகளிலேயே மாதிரி எடுக்க வேண்டும். வெளியிடும் அறிக்கையில் முடிவோடு சேர்த்து மாதிரி எண், எடுத்த நேரம், கிணற்றின் இடம், சோதனை முறை, கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு ஆகியவையும் இருக்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மக்கள் முன் அந்த அறிக்கையை அன்று வாசித்து, முந்தைய ஆண்டின் எண்களோடு ஒப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த கிராம சபைக்கே இதைத் தொடங்க மாவட்ட ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.